சூடேறிய பிறகுதான் தெரியும்

மேட்லாக்,
6 ஜூன் 1983

அன்புள்ள ஹெட்லி,

நலமா? முட்டி வலி குறைந்ததா? வீட்டைவிட்டு வந்த பதினான்கு மாதத்தில் முதல்முறையாக எழுதுகிறேன், அதுவும் ஒரு வேலை விஷயமாக. திட்டிக்கொண்டே படி. ஆனால் முழுதும் படி.

டெரிக்கின் ஐந்நூறு சிசி மோட்டார் சைக்கிளை உனக்குத் தெரியும். நீங்கள் இருவரும் சேர்ந்துதான் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து அதை இழுத்து வந்தீர்கள். இப்போது அரை மணி நேரம் ஓடினால் இருமுகிறது. மேடு வந்தால் நின்றேவிடுகிறது. ஆறவைத்து உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்புகிறது. பிளக், பாயின்ட், வயர் எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. பிளக்குக்குப் பொறி தரும் மேக்னெட்டோவைப் பிரித்துப் புதிதாகக் காயில் கட்ட வேண்டுமாம். மோட்டார் சைக்கிள் கிளப்பில் யாரைக் கேட்டாலும் உன் பெயரைத்தான் சொல்கிறார்கள். டெரிக் மட்டும், "அவன்கிட்ட நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்குறது?" என்கிறார். அதனால் நான் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 14 கிளப் ஓட்டம். கணவாய் ஏற்றம் வழியில் இருக்கிறது. பின்சீட்டில் நான். நடு ஏற்றத்தில் எஞ்சின் நின்றால் இரண்டு பேரும் பின்னோக்கிச் சரிய வேண்டியதுதான், பின்னால் பஸ் வரும்.

வக்கீல் அனுப்பிய விவாகரத்துக் காகிதம் வந்ததா? ஒரு கையெழுத்துதான் ஹெட்லி. போட்டுவிடு.

மேவிஸ்


கீத்லி,
10 ஜூன் 1983

அன்பு மேவிஸ்,

முட்டி அப்படியே இருக்கிறது. விசாரித்ததற்கு நன்றி.

என் பெண்டாட்டியைக் கொண்டுபோனவன் மேக்னெட்டோவை மட்டும் என்னிடம் அனுப்புகிறானா? பழுதானதைத்தான் திருப்பி அனுப்புவான் போலிருக்கிறது. அவனிடம் சொல், அது காயில் இல்லை, கண்டென்சர். கம்பி சுற்றிய ஆர்மேச்சருக்குள்ளேயே புதைந்திருக்கும் சின்னத் துண்டு. குளிரில் நல்ல பிள்ளையாக இருக்கும், சூடேறினால் காலை வாரும். இதைக் கண்டுபிடிக்க முடியாமல் பிளக்கை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். இருபது வருடம் என் பக்கத்தில் உட்கார்ந்து என்னதான் பார்த்தானோ.

வேலை மேசையைச் சமையலறைக்கு மாற்றிவிட்டேன். நீ பார்த்தால் கத்துவாய். எதிர்வீட்டு ஆக்டன் அம்மாள் வாரத்துக்கு ஒருமுறை, "மேவிஸ் எப்பங்க வருவாங்க?" என்று கேட்கிறாள். "கோவம் ஆறட்டும், வருவா" என்று சொல்லிவைக்கிறேன். நீ வருவாய் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

மேக்னெட்டோவை அனுப்பு. பழைய துணியில் சுற்று. காகிதத்தைப் பிறகு பார்ப்போம்.

உன் ஹெட்லி


மேட்லாக்,
20 ஜூன் 1983

அன்பு ஹெட்லி,

பார்சல் போட்டுவிட்டேன். என் பழைய நீல ஸ்வெட்டரில் சுற்றியிருக்கிறேன். கூடவே ஒரு டப்பா இஞ்சி கேக். உனக்குத்தான், ஆக்டன் அம்மாளிடம் கொடுத்துவிடாதே.

நீ செய்கிறேன் என்று எழுதியதைப் படித்து அழுதுவிட்டேன். நீ நல்லவனாக இருக்கும் நாட்களை நான் மறந்தே போயிருந்தேன். கிளப்பில் ஒருவர், "அவன் எதுக்கு? பன்னண்டு வோல்ட் பேட்டரி வச்சு, எலக்ட்ரானிக் பெட்டி ஒண்ணு மாட்டிட்டுப் போங்களேன்" என்றார். நான் விடவில்லை. "ஹெட்லி கை பட்டுச்சுன்னா நான் கண்ண மூடிக்கிட்டு ஏறுவேன்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். டெரிக் முகம் சுருங்கியது. பரவாயில்லை, அது உண்மைதானே.

மேவிஸ்


கீத்லி,
1 ஆகஸ்ட் 1983

அன்பு மேவிஸ்,

மேக்னெட்டோ இத்துடன் வருகிறது. ஆறு வாரம் வேறு யார் வேலையையும் தொடவில்லை. தலைமுடியைவிட மெல்லிய கம்பி, பத்தாயிரம் சுற்று. நடுவில் ஒருமுறை அறுந்தது. ஒட்டுப்போடாமல் முதலிலிருந்து சுற்றினேன். பேரிங் புதிது. காந்தத்துக்கு மறுபடி வலு ஏற்றியிருக்கிறேன். கையால் மெதுவாகச் சுற்றினாலே பொறி நீலமாகப் பாய்கிறது. இதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை, இனிமேல் செய்யப்போவதும் இல்லை.

இப்போது கண்டென்சர் விஷயம். மேசையில் இரண்டு இருந்தன. ஒன்று புதியது. இன்னொன்று டெரிக்குடைய பழையது. இரண்டில் ஒன்றை உள்ளே வைத்துப் பிசின் ஊற்றி மூடிவிட்டேன். எதை வைத்தேன் என்று இங்கே எழுத மாட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அடுப்பில் வைத்துச் சோதிக்கலாம் என்பான் டெரிக். சோதிக்கட்டும். பழையது ஒருநாள் அடுப்பிலும் தாங்கும், மறுநாள் ஏற்றத்தில் கைவிடும். அது அவனுக்கும் தெரியும்.

கண்ணை மூடிக்கொண்டு ஏறுவேன் என்றாயே. ஏறு.

தெரிந்துகொள்ள வேண்டுமானால் நேரில் வந்து கேள், சொல்கிறேன். தனியாக வா. தேநீர் போட்டுத் தருகிறேன். கேக் நன்றாக இருந்தது, கொஞ்சம் இஞ்சி தூக்கல்.

உன் ஹெட்லி


மேட்லாக்,
17 ஆகஸ்ட் 1983

ஹெட்லி,

உன் கடிதத்தை முதலில் டெரிக்கிடம் காட்டவில்லை. காட்டினால் உன்னை அடிக்கக் கிளம்பிவிடுவார் என்று பயம். அவர் மேக்னெட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு, "என்ன வேல பாத்திருக்கான் பாரு!" என்று குழந்தைபோலச் சந்தோஷப்பட்டார். நான் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றேன். ஞாயிற்றுக்கிழமை ஓட்டம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை.

ஒன்பதாம் தேதி, தங்கையைப் பார்த்துவிட்டு வருவதாகப் பொய் சொல்லி ரயில் ஏறினேன். லீட்ஸ் வரை வந்தேன். கீத்லி ரயில் எதிரே நின்றது. கதவும் திறந்திருந்தது. ஏறவில்லை. இன்று போய்க் கேட்டால் நீ சொல்லிவிடுவாய், தேநீரும் போடுவாய், அடுத்த மாதம் வேறு எதையாவது ஒளித்துவைத்துக்கொண்டு மறுபடி கூப்பிடுவாய். இருபத்தாறு வருடம் அப்படித்தானே வாழ்ந்தோம். வண்டி போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினோராம் தேதி டெரிக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் உன்னைத் திட்டவே இல்லை. ஆர்மேச்சரை அடுப்பில் வைத்துச் சூடாக்கிச் சுற்றிப் பார்த்தார். பொறி வந்தது. "இத நம்ப முடியாது மேவிஸ்" என்றார். பிறகு அதைப் பட்டறைக் கிடுக்கியில் கட்டி, ரம்பத்தை எடுத்தார். உன் பத்தாயிரம் சுற்றும் தரையில் உதிர்ந்தது. உள்ளே இருந்தது புதிய கண்டென்சர்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "புதுசுடி. நல்லதத்தான் வச்சிருக்கான்" என்று அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. பழையதை வைத்திருந்தால், என்மேல் அவனுக்கு ஆத்திரம், கொல்லக்கூட நினைத்தான் பாவி என்று என்றைக்காவது ஒருநாள் மன்னித்திருப்பேன். நீ நல்லதை வைத்துவிட்டு, நான் நடுங்குவதை மட்டும் ரசித்தாய். முன்பொருமுறை ஸ்கார்பரோ மலை இறக்கத்தில் என்னை உன் மோட்டார் சைக்கிளின் பக்கவண்டியில் உட்காரவைத்து, "பிரேக்குக் கேபிள மாட்டினேனான்னு ஞாபகம் இல்லையே" என்று சொன்னாய். கேபிள் மாட்டித்தான் இருந்தது. நான் கர்ப்பமாக இருந்தேன். கீழே வந்து சேர்ந்ததும் நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். அன்றைக்கு ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மேக்னெட்டோவின் வெளிக்கூடு வீணாகவில்லை. உள்ளே இருந்ததையெல்லாம் வழித்தெடுத்துவிட்டு, அதில் கிளப்காரர்கள் எலக்ட்ரானிக் பற்றவைப்பைப் பொருத்தினார்கள். டைனமோவைப் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றியாயிற்று, சீட்டுக்கு அடியில் பேட்டரி. வெளியே பார்த்தால் உன் மேக்னெட்டோ மாதிரியேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் உதையில் கிளம்பியது. ஏற்றத்தில் ஒருமுறைகூட இருமவில்லை. நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் போனேன்.

காகிதத்தில் கையெழுத்துப் போடு. எனக்கு எழுதாதே.

மேவிஸ்


கீத்லி,
23 நவம்பர் 1983

அன்பு மேவிஸ்,

இது மூன்றாவது கடிதம். முதல் இரண்டும் பிரிக்காமலே திரும்பி வந்தன. அவற்றில் உன்னை நிறையத் திட்டியிருந்தேன், திரும்பியதும் ஒருவிதத்தில் நல்லதுதான்.

கையெழுத்துப் போட்டு நேராக வக்கீலுக்கே அனுப்பிவிட்டேன். ஆகவே இதைப் பிரிக்க உனக்கு ஒரு காரணமும் இல்லை. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

வேலை வருவது நின்றுவிட்டது. கிளப்பில் விஷயம் பரவிவிட்டது போலிருக்கிறது. போன வாரம் ஒருவன் தன் மேக்னெட்டோவைத் திருப்பி வாங்க வந்தான். இன்னும் பிரிக்கவேயில்லை என்றேன். "அது எப்படிங்க எனக்குத் தெரியும்?" என்றான். நாற்பது வருடத்தில் என் முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவன் மேக்னெட்டோவை எடுத்துக் கொடுத்தனுப்பினேன்.

என்னால் பழையதை வைத்திருக்க முடியாது மேவிஸ். கை போகாது. அது உனக்குத் தெரியும் என்றுதான் அப்படி எழுதினேன். எல்லாம் தெரிந்தவள், ஒரு வார்த்தை திட்டிவிட்டு வந்து நிற்பாய் என்று, அந்த ஒன்பது பத்து நாளும் ரயில் வரும் நேரத்துக்கெல்லாம் இரண்டு கோப்பையை எடுத்துவைத்திருந்தேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். டெரிக் ரம்பத்தை எடுத்தபோது, உள்ளே நல்லதுதான் இருக்கும் என்று உனக்கு ஒரு நிமிடமாவது தோன்றியதா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். இல்லை என்றாலும் எழுது.

ஹெட்லி