காசியில் விட்ட தோடம்பழம்

பெயர் சொல்லி ஒருநாளும் நான் கூப்பிட்டறியாத என்னவருக்கு,

அடுத்த கிழமை உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். கனகசபை அண்ணர் சிட்னியிலிருந்து முன்கூட்டியே ரயிலேறி வந்து, இங்கே கிளேட்டனில் நம் மகன் வீட்டில் தங்கியிருக்கிறார். உங்கள் கல்லூரி உதைபந்தாட்டக் குழுவின் கோல்கீப்பர் இன்றைக்கும் கையை அகல விரித்துத்தான் கதைக்கிறார். கிண்ணம் வென்ற அந்த வருடத்தைப் பற்றிப் பழைய மாணவர் மலருக்கு நான் எழுத வேண்டுமாம்.

"எங்களுக்கு அரைவாசி மறந்துபோச்சு, தங்கச்சி. உமக்குத்தான் வடிவாத் தெரியும்."

தெரியாமல் என்ன? இரண்டாம் உலக யுத்தம் வருவதற்கு முந்திய அந்த வருடத்தில் நான் உங்களைக் கண்டதுகூட இல்லை. ஆனாலும் ஒவ்வொரு ஆட்டமும் எனக்கு மனப்பாடம். முதல் ஆட்டத்தில் மூன்று கோல் வாங்கித் தோற்றீர்கள். பிறகு தோற்கவே இல்லை. எதிர்ப்பக்கம் சப்பாத்தோடு ஓட, நீங்கள் வெறுங்காலோடு இடப்பக்கக் கோட்டோரமாக ஓடினீர்கள். கடைசி ஆட்டத்தில் மைதானம் முழுக்க மழைவெள்ளம். தண்ணீரில் நின்றுபோன பந்தை விரல்நுனியால் கோரித் தூக்கி நடுவுக்கு அனுப்பினீர்கள். அந்த ஒரு கோலில் கிண்ணம் வந்தது. கல்யாணமாகி நாலாம் நாளே இதையெல்லாம் எனக்குச் சொல்லி முடித்தீர்கள். புதுப்பெண்ணிடம் சொல்ல உங்களுக்கு வேறு கதை கிடைக்கவில்லையா?

ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். தேவாரப் புத்தகத்தையும் கடைச்சிட்டைகளையும் வைத்து மிச்சத்தை நானே படித்துக்கொண்டேன். வீட்டுக் கணக்கில் ஒரு சதம் பிசகவிடமாட்டேன். ஆனால் அந்தப் பத்துப் பேருக்கும் உங்கள் மனதில் எவ்வளவு இடம், எனக்கு எவ்வளவு என்பது மட்டும் எனக்குப் பிடிபடவே இல்லை. மூத்தவன் பிறந்தபோது அவன் காலைப் பிடித்துப் பார்த்து, "இவன் லெஃப்ட் விங்" என்றீர்கள். முகம் யாருடையது என்று பார்க்கவில்லை. இங்கே பேரன் முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்து முகம் சுளித்தீர்கள். வீட்டுக்கு வந்து அவனுக்கும் அதே மழையையும் அதே கோலையும் சொன்னீர்கள்.

அதையெல்லாம் பொறுத்தேன். இந்தக் கிழமை நடந்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நேற்றுக் காலை குசினியில் சமைத்துக்கொண்டே, படையலுக்கு என்னென்ன வைப்பது என்று அண்ணருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பயத்தம்பணியாரம், உங்களுக்குப் பிடித்த எல்லாம்.

"எல்லாம் சரி. தோடம்பழம் எங்கை?" இங்கே ஒரேஞ்ச் என்று விற்கிறார்களே, அதைத்தான் கேட்டார்.

"அவருக்கு அது பிடியாது, அண்ணை."

"ஆருக்கு, அவனுக்கோ?" கதிரை அசைய அசையச் சிரித்தார். "இடைவேளையிலை ஒரு பழத்தை வெட்டி அவனுக்குப் பாதி, எனக்குப் பாதி குடுப்பினம். தன்ரையைச் சூப்பிப்போட்டு என்ரை பாதியிலையும் கை வைப்பான். தோடம்பழத்துக்காகத்தான் ரீமிலை நிக்கிறாய் எண்டு அந்த வருசம் முழுக்க அவனை நக்கலடிச்சனாங்கள்."

என் கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்துவிட்டேன்.

காசிக்குப் போனால் மிகப் பிரியமான ஒன்றை அங்கே விட்டுவிட வேண்டும், பிறகு சாகும்வரை தொடக்கூடாது. நாம் இருவரும் கங்கைப் படியில் நின்றோம். நான் பலாப்பழத்தை விட்டேன். சொல்லும்போதே கண் கலங்கியது. நீங்கள் தோடம்பழம் என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் ஒரு சுளைகூட நீங்கள் தின்று நான் பார்த்ததில்லை. காய்ச்சலுக்கு யாரும் கொண்டுவந்தாலும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவீர்கள். பிடிக்காத ஒன்றை விட்டுத் தப்பித்துக்கொண்டீர்கள் என்றே அன்று முதல் நினைத்தேன்.

"விசுவநாதரையே ஏமாத்தின மனுசன்" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "அவர் என்னோடை கதைச்சுக்கொள்ளுவார், நீ பேசாமல் இரு" என்பீர்கள். பக்கத்து வீட்டுக் கிரேக்கப் பெண் தன் மரத்துப் பழங்களைப் பை நிறையத் தருவாள். நீங்கள் ஒவ்வொன்றாக எடுத்து மோந்து பார்த்துவிட்டு என்னிடம் தருவீர்கள். அழுகலா என்று பார்க்கிறீர்கள் என நினைத்தேனே.

ஆக, உலகத்தில் உங்களுக்கு மிகப் பிரியமானது அந்தப் பாதிப் பழம்தானா? இத்தனை வருடம் நான் ஆக்கிப்போட்டதில் ஒன்றுகூட விடத் தகுந்ததாக உங்களுக்குத் தோன்றவில்லையா?

காசிக் கதையை அண்ணருக்குச் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

"அதையேன் விட்டவன்?" என்றார். விரித்த கைகளை மடக்கிக்கொண்டு, "அப்ப எங்களையெல்லோ விட்டிருக்கிறான்" என்றார்.

அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கு உள்ளே ஒரு சந்தோசம். கடவுள் படத்துக்கு முன்னால் போய் நின்றும் அது போகவில்லை.

பிறகு அவர் மெல்லக் கேட்டார். "செத்தாப் பிறகு என்ன விரதம், தங்கச்சி? படையலிலை ஒரு பழம் வையுமன். ஆசைப்பட்டவன்."

"வைக்கலாம்தானே, அம்மா" என்று நம் மகனும் சேர்ந்துகொண்டான். "அப்பா வேண்டாம் எண்டு சொல்லப்போறாரே?"

"சொல்லமாட்டார். அதுக்குத்தான் நான் இருக்கிறன்" என்றேன்.

இன்று முழுக்க யோசித்தேன். சாத்திரம் என்ன சொல்லும் என்று கேட்க இந்த ஊரில் கோயிலும் இல்லை, ஐயரும் இல்லை. ஆனால் என் மனதுக்கு வழி தெரிகிறது. நீங்கள் அந்தப் பழத்தைத் தின்றதை உங்கள் குழு முழுவதும் பார்த்தது. விட்டதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அவர்கள் யாரும் இல்லாத ஓர் இடத்தில், என் பக்கத்தில் ஈர வேட்டியோடு நின்று, அவர்களுடையதை விட்டீர்கள். அதை நான் திருப்பிக் கொடுப்பேனா?

மலருக்குக் கட்டாயம் எழுதிக் கொடுப்பேன், ஒரு கோலும் குறையாமல். ஆனால் படையல் தட்டில் தோடம்பழம் வராது. திவசம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டு எழும்பியதும், நானே ஒரு பழத்தை வெட்டி அண்ணருக்குப் பாதி கொடுப்பேன். மற்றப் பாதி உங்களுடையது. அதை அவர் கைக்கு எட்டவிடாமல், அவருக்கு முன்னாலேயே இருந்து நான் தின்பேன். நான் விட்டது பலாப்பழம்தானே. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் பங்கை யாருக்கும் விட்டுக்கொடாத
உங்கள் மனுசி,
பரமேசுவரி