வாஷ்பேசினுக்குக் கட்டிய புடவை

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

இன்றும் அதே கூத்து. நான் தோசையைப் பிட்டு வாயில் வைக்கிறேன், இரண்டடி தள்ளி வாஷ்பேசினில் என் வீட்டுக்காரர் தர்மராஜ் தொண்டையைக் காறுகிறார். அடிவயிற்றிலிருந்து இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுத்து — சீ! உடனே கம்பெனி பஸ் வந்துவிட்டது என்று ஓட்டம். குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் போனால் கை தேய்ந்தா போகும்? சல்லடையில் ஒட்டியிருந்ததை நான்தான் பழைய பிரஷ்ஷால் தள்ளினேன். அப்புறம் தோசை எங்கே இறங்கும்? மறைமலைநகரில் எத்தனையோ வீடு. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்திலேயே பேசினை மாட்டிய அந்தப் புண்ணியவான் எங்கள் வீட்டுக்குத்தான் மேஸ்திரியாக வரவேண்டுமா?

15 ஆகஸ்ட், வெள்ளி

பள்ளியில் கொடியேற்றம். என் எல்.கே.ஜி. வாண்டுகளில் பாதிப்பேருக்கு மூக்கு ஒழுகுகிறது. துடைத்துத் துடைத்து என் கர்சீப் நனைந்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சமும் அருவருப்பில்லை. ஐம்பது தாண்டிய ஆம்பிளை செய்தால்தான் குமட்டுகிறது.

வீட்டுக்கு வந்தால் நல்ல சேதி. அடுத்த வாரம் ஞாயிறு எங்கள் மகள் பூங்கொடியைப் பெண் பார்க்க வருகிறார்களாம். திருவிடந்தைக்காரர்கள். பையன் பெயர் கலையரசன், மகாபலிபுரத்தில் ஒரு ஓட்டலில் கணக்குப் பார்க்கிறான். பூங்கொடி போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னாள்: "எப்டி வேணா இருக்கட்டும்மா. காலைல காறித் துப்பிட்டு அப்டியே போறவன் மட்டும் வாணாம்."

சிரித்தேன். அப்புறம் சிரிப்பு வரவில்லை. பிறந்ததிலிருந்து இதைத்தானே பார்க்கிறாள். என் மகளும் இன்னொருத்தன் சளியைத் தள்ளிக்கொண்டே காலத்தை ஓட்டவேண்டுமா? வருகிறவன் எப்படிப்பட்டவன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேட்கவா முடியும்?

17 ஆகஸ்ட், ஞாயிறு

வாசலில் நின்று, வருகிறவர்கள் கண்ணால் ஹாலைப் பார்த்தேன். முதலில் தெரிவது பேசின்தான். மஞ்சள் கறை. கீழே தொங்குகிற பிளாஸ்டிக் குழாய். மேலே கண்ணாடி முழுக்கப் பேஸ்ட் தெறித்த புள்ளிகள், ஓரத்தில் இவர் மீசைக்கு அடித்த டை. ஆசிட் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை, என் கைதான் எரிகிறது.

மறைத்துவிட வேண்டியதுதான். போன வருஷம் மீட்டர் பெட்டியை மயில் படம் ஒட்டிய அட்டையால் மூடினேன், யாருக்கும் தெரியவில்லை. இதற்கும் வழி இருக்கிறது. முதல் தடவை வருகிறவர்கள் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சம்பந்தம் முடிவான பிறகுதானே சாப்பாடு? கேசரி, பஜ்ஜி, காபி — ஸ்பூனும் டிஷ்யூவும் போதும். பேசினுக்கு வேலையே இல்லை.

20 ஆகஸ்ட், புதன்

பேசினுக்குள் மணிபிளான்ட் தொட்டி. குழாயில் மகாபலிபுரத்தில் வாங்கிய சிப்பி மாலை. கண்ணாடியைச் சுற்றிக் காகிதப் பூ. முன்னால் கம்பி கட்டி என் பழைய சுங்குடிப் புடவையைக் கொசுவித் தொங்கவிட்டேன். அழகாகத்தான் இருக்கிறது. நானே இரண்டு தடவை போய்ப் பார்த்தேன்.

இவர் ஷிப்ட் முடிந்து வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இன்னா சியாமளா, பேசினுக்குப் பொடவ கட்டி வுட்டுகீற?"

ஞாயிறுவரை பாத்ரூமுக்குள் போய்க் காறித் தொலையுங்கள் என்றேன். கதவைச் சாத்தினாலும் கேட்கத்தான் போகிறது.

23 ஆகஸ்ட், சனி

விடிந்ததும் திரையை விலக்கினேன். மணிபிளான்ட் இலைமேல் — எழுதவே கூசுகிறது. பழக்க தோஷமாம். மனுஷனா இவர்?

24 ஆகஸ்ட், ஞாயிறு

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பையன், அவன் அம்மா, அப்பா முனிசாமி, மூன்று பேரும் வந்தார்கள். பூங்கொடி காபி கொடுத்தாள். பையன் அமைதி. பேச்சு நன்றாக ஓடியது, அதுதான் வினையாகிவிட்டது. மனம் குளிர்ந்துபோய் இவர், இருந்து சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றார். நான் கண்ணைக் காட்டுகிறேன், பார்த்தால்தானே? அவர்கள் மறுத்துவிடுவார்கள் என்று நம்பினேன்.

"கை நனைக்கிறதுல இன்னா கீது? நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல," என்றார் முனிசாமி.

எங்களுக்கென்று வைத்திருந்த முருங்கைக்காய் சாம்பாரும் அப்பளமும் இலைக்கு வந்தன. சாப்பிட்டு எழுந்து, எச்சில் கையை ஏந்திக்கொண்டு மூன்று பேரும் நாலு பக்கமும் பார்க்கிறார்கள். பின்பக்கம் கூட்டிப் போகலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள் இவர் புடவையை இழுத்தார், தொட்டியைத் தூக்கித் தரையில் வைத்தார், இங்கேயே கழுவுங்கள் என்றார். மஞ்சள் கறை, அதன்மேல் வட்டமாகச் சேறு. எனக்கு உயிரே போனது.

முனிசாமி கை கழுவினார், வாய் கொப்பளித்தார். பிறகு காறினார். இவரையே தூக்கிச் சாப்பிடுகிற காறல். துப்பிவிட்டு அப்படியே நகர்ந்தார். அடக் கடவுளே, அங்கேயும் ஒன்றா! பூங்கொடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்து கலையரசன் போனான். கை கழுவினான், குழாயை மூடவில்லை. தண்ணீரை அள்ளி அள்ளிச் சுற்றிலும் விட்டான். அப்பா துப்பியது, சேறு, பருக்கை எல்லாவற்றையும் விரலால் தள்ளிச் சல்லடை தெரியும்வரை கழுவினான். பிறகு சோப்புப் போட்டு மறுபடி கை கழுவினான். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பக்கூட இல்லை. நான் பார்த்தேன். பூங்கொடியும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனதும் சமையலறைக்கு வந்தாள். "சரின்னு சொல்லிடும்மா."

25 ஆகஸ்ட், திங்கள்

பெண்ணுக்கு எதனால் பிடித்தது, சம்பளமா, ஆளா என்று இவர் குடைந்துகொண்டே இருந்தார். பேசினைக் கழுவினானே, அதனால் என்றேன்.

"அதுக்கா?"

"அதுக்குத்தான். நம்ம கல்யாணத்துலேர்ந்து நானும் அதுக்குத்தான் காத்துகினு கீறேன்."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. எரிச்சல். இதற்கெல்லாமா அழுவார்கள்? இவர் டி.வி.யைப் போட்டார்.

3 செப்டம்பர், புதன்

புடவையைக் கழற்றித் துவைத்து மடித்தாயிற்று. மணிபிளான்ட் சன்னலுக்குப் போய்விட்டது. பேசின் பழையபடி பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது.

காலையில் காறல், அதே காறல். எனக்கும் அதே குமட்டல். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. ஓடுவார் என்று பார்த்தால் குழாய்ச் சத்தம் நிற்கவில்லை. மறுபடி ஹாரன். தண்ணீர் இன்னும் ஓடியது.

நான் எட்டிப் பார்க்கவில்லை. இன்னொரு தோசை ஊற்றிக்கொண்டு வந்து மேஜையில் உட்கார்ந்தேன். இரண்டையும் சாப்பிட்டேன்.