நாற்பத்து மூன்று என்று சொன்னேன்

ஏற்காடு,
நவம்பர், ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு ஃபெபி கண்ணுக்கு அம்மா எழுதுவது. நீ தூங்கும்போதும் நடக்கும்போதும் ஆண்டவர் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கிளியூர் ஜெப்சன் விடுமுறை முடிந்து வியாழக்கிழமை இங்கிலாந்து திரும்புகிறான். காபித்தூளும் நார்த்தங்காய் ஊறுகாயும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அதோடு இந்தக் கடிதம். போன் செய்தால், "நல்லாத்தானுங்கம்மா இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். மெசேஜுக்கு நீலக் குறி மட்டும் வருகிறது. ஊறுகாய் டப்பாவைத் திறக்கும்போதாவது இதைப் படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கே மழை விட்டபாடில்லை. மலைப்பாதையில் மண் சரிந்து இரண்டு நாள் அடிவாரத்தோடு பஸ் நின்றுவிட்டது. எஸ்டேட்டில் காபிப் பழம் பழுத்துக் கொட்டுகிறது, பறிக்க ஆள் வரவில்லை என்று அப்பா தினமும் நனைந்துகொண்டு வந்து புலம்புகிறார். முழங்கால் வலிக்குத் தைலம் போடச் சொன்னால் மறந்துபோச்சு என்கிறார். உன்னைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை. ஆனால் நான் போனைக் கையில் எடுத்தால் மட்டும் டிவி சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்.

கண்ணு, நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தடவை நீ கேட்க வேண்டும்.

உனக்கு ஒன்பது வயதில் சர்க்கரை என்று சேலத்தில் சொன்ன நாளிலிருந்து உன் அளவுகள் எனக்கு மனப்பாடம். எழுபதுக்குக் கீழே இறங்கினால் குளுக்கோஸ் தண்ணீர். இருநூற்றைம்பதைத் தாண்டினால் ஊசி. நீ அங்கே படிக்கப் போனதும் டாக்டர் உன் கையில் சர்க்கரை அளவைக் காட்டும் புதுக் கருவியை ஒட்டினார். அது காட்டுவது என் போனிலும் தெரியும்படி நீயேதான் செய்து கொடுத்தாய். முதல் நாள் ஆசையாகத் திறந்தேன். 5.8 என்றிருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ சிரித்தாய். "இங்க அளவே வேறங்கம்மா. இது நம்மூரு நூத்தி நாலு" என்றாய்.

அதன் பிறகு ஒவ்வொரு எண்ணையும் மனதுக்குள் மாற்றிக்கொண்டே இருந்தேன். "பதினெட்டால பெருக்குனா ஆச்சு, இதுக்கெதுக்குப் புள்ள இத்தன பாடு" என்றார் அப்பா. சொல்வது சுலபம். எண் இறங்கும்போது எனக்குப் பெருக்கல் வருவதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டரில் பைத்தான் புரோகிராம் எழுதச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். அதனால் அளவுகளை மாற்றுவதற்கென்றே யாரோ எழுதி வைத்திருக்கிற ஒரு புரோகிராம் தொகுப்பை, லைப்ரரி என்பார்கள், தேடிப் பிடித்தேன். லேபில் இருக்கும் கம்ப்யூட்டர் பழசு, ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டு லேப்டாப்பில் இறக்கினால் பாதியில் நெட் போனது. மறுபடி இறக்கினேன். மைலைக் கிலோமீட்டராக்கியது, பவுண்டைக் கிலோவாக்கியது. சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன்.

உன் அளவைக் கொடுத்தேன். மாற்ற முடியாது என்று சிவப்பில் பிழை காட்டியது. நம்மூர்க் கணக்கு குளுக்கோஸின் எடை. உங்கள் ஊர்க் கணக்கு மூலக்கூறுகளின் எண்ணிக்கை. எந்தப் பொருள் என்று சொல்லாமல் ஒன்றை மற்றொன்றாக்க அது சம்மதிக்கவில்லை. அதன் விளக்கப் பக்கங்களைப் படித்துப் படித்து, குளுக்கோஸின் மூலக்கூறு எடை நூற்றெண்பது என்று சொல்லும் வழியைக் கண்டுபிடித்தேன். 5.8 கொடுத்தேன், நூற்று நான்கு வந்தது. எழுந்து போய் அப்பாவைக் கூப்பிட்டு வந்து காட்டினேன்.

அந்த லைப்ரரி ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் அளவின் பெயரையும் சேர்த்தே எழுதும். எனக்கு அது இடைஞ்சலாகப் பட்டது. எண் மட்டும் திரையில் பெரிதாகத் தெரியட்டும் என்று பெயரை எடுத்துவிட்டேன். எனக்குத் தெரியாதா என்ன அளவு என்று?

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். உனக்கு இன்னும் விடியவில்லை. போனில் அலாரம் அடித்தது. 2.4. கூடவே கொண்டுபோயிருந்த லேப்டாப்பில் போட்டேன், 43 என்று திரை முழுக்க வந்தது. உனக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி, மறுபடி அடித்தேன். பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்கு அடித்தால், "தூங்கறாளோ என்னமோ, பதறாத" என்றவர், வைத்ததும் தானே உனக்கு அடித்துப் பார்த்திருக்கிறார். நீ சேர்ந்த அன்று கொடுத்த விடுதி நம்பருக்கு அடித்தேன். என் மகள் எழவில்லை, சர்க்கரை, சர்க்கரை, கதவைத் திறங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்தினேன். போனை எடுத்த விடுதி அம்மாள் நிதானமாக, எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார்.

நாற்பத்து மூன்று என்று சொன்னேன்.

என் கண்ணெதிரே இருந்த எண் அதுதான். அவர்கள் கணக்கில் நாற்பத்து மூன்று என்றால் சர்க்கரை தலைக்குமேல் ஏறிவிட்டது என்று அர்த்தம். ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் அவர் அதையேதான் சொன்னார். விடுதிச் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தார்கள். நீ இரவு உடையில் எழுந்து உட்கார, வாசலில் உன்னோடு படிக்கிறவர்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். இன்சுலின் போடாமல் ஏமாற்றுகிறாயா என்று உன்னிடம் கேட்டார்களாம். விரலில் குத்திப் பார்த்தால் 6.1. கருவி இருந்த கையை அழுத்திப் படுத்திருந்ததால் அது பொய்யாக இறக்கிக் காட்டியிருக்கிறது. போனையும் நீ சத்தமில்லாமல் வைத்திருந்தாய்.

"எல்லாரும் பாத்தாங்கம்மா. நான் என்ன சின்னப் புள்ளையா? இனிமே நீங்க பாக்க வேண்டாங்க" என்று சொல்லி அன்றைக்கே அதை நிறுத்திவிட்டாய். உன் கோபம் நியாயம். எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது, சாமி. நீ உண்மையிலேயே இறங்கிப்போய் மயங்கிக் கிடந்திருந்தால்? இனிப்புக் கொடுக்க வேண்டியவர்களிடம், ஏறிவிட்டது என்றல்லவா அம்மா சொல்லியிருக்கிறேன்? எதையும் மாற்றாமல் உங்கள் ஊர் எண்ணையே சொல்லியிருந்தால் போதுமே. உன்னைக் காப்பாற்றத்தான் உட்கார்ந்து எழுதினேன் அந்தப் புரோகிராமை.

அன்று சாயங்காலமே திருத்திவிட்டேன். இப்போது இரண்டு ஊர் எண்ணும், அளவின் பெயரோடு வருகிறது. அதில் போடுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. காலையில் பழக்கத்தில் போனைத் திறக்கிறேன். உன் பெயர் இருக்கிறது, பக்கத்தில் ஒரு கோடு இருக்கிறது. அவ்வளவுதான்.

கோபப்படாமல் கேட்டுக்கொள். போன வாரம் பேசும்போது உன் எடை அந்த ஊர்க் கணக்கில் எட்டு ஸ்டோன் என்றாய். அதையும் அந்த லைப்ரரியில் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்தொரு கிலோகூட வரவில்லை. இங்கிருந்து போகும்போது நீ ஐம்பத்தேழு. சாப்பிடுகிறாயா? ஊசி போடாமல் விடுகிறாயா? அந்த ஊர்ச் சாப்பாடு பிடிக்கவில்லையா? அல்லது என்னிடம் சொல்ல முடியாத ஏதாவது இருக்கிறதா? அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. அங்கே வந்து உன் முகத்தைப் பார்க்கலாம் என்றால் விசாவுக்கே மாதக்கணக்கில் ஆகுமாம். வந்தாலும் உன் அறைக் கதவை எனக்குத் திறப்பாயோ, மாட்டாயோ.

மழை பெய்தால் ஜன்னலைச் சாத்தலாம். பழம் உதிர்ந்தால் பொறுக்கலாம். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, கண்ணு. பத்து வருஷமாகத் தெரிந்த மாதிரியே இருந்தது. இப்போது தெரியவில்லை.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் அளவை எனக்குக் காட்ட வேண்டாம். எனக்குப் போன் செய்யாவிட்டாலும் பரவாயில்லை. உன் கதவைத் தட்டும் தூரத்தில் இருக்கிற யாராவது ஒருத்தியிடம் மட்டும் சொல்லி வை. சர்க்கரை இறங்கி நீ மயங்கினால் அதை ஏற்றப் போடுகிற ஊசி, இன்சுலின் இல்லை, எங்கே இருக்கிறது, எப்படிப் போடுவது என்று அவளுக்குக் காட்டு. ஒரு நாள் காலையில் நீ வெளியே வரவில்லை என்றால் கவனிக்கிறவள் அங்கே ஒருத்தி இருக்க வேண்டும். அது நானாக இருக்க வேண்டியதில்லை.

அவள் பெயரைக்கூட எனக்குச் சொல்ல வேண்டாம். ஜெபத்தில் உன் பெயருக்கு அடுத்து 'அந்தப் பிள்ளையும்' என்று சொல்லிக்கொள்கிறேன். யார் என்று ஆண்டவருக்குத் தெரிந்தால் போதும்.

சாப்பிடு, சாமி.

என்றும் உன்
அம்மா,
மரியசெல்வி