ஒரே மலைக்குடிலை ஐந்து ஊர்களில் திறந்துவைத்தது குறித்து

அனுப்புநர்:
த. ஸ்ரீபால், டி.சி.இ.,
தற்காலிகத் தொழில்நுட்ப உதவியாளர்,
மலைக்குடில் திட்டம், திருவண்ணாமலை.

பெறுநர்:
தனி அலுவலர் அவர்கள்,
மலைக்குடில் திட்டம்,
செங்கம் ரோடு, திருவண்ணாமலை.

பொருள்: மேல்பலாவூர் கருப்பன் குடும்பத்தின் குடிலைப் பொருட்காட்சிக்காகக் கழற்றியது, அதே குடில் முன்பு நான்கு ஊர்களில் திறந்துவைக்கப்பட்டது, மழை வலுக்கும் முன் திருப்பித் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 19-10-1983 புதன்கிழமை காலை 11.20 மணிக்கு, தாங்கள் கையெழுத்திட்ட ஆணையுடன் மேல்பலாவூர் போய், கருப்பன் குடியிருந்த குடிலைக் கழற்ற ஆரம்பித்தேன். 3.10க்கு முடிந்தது. மொத்தம் 22 துண்டுகள். உள்ளே இருந்தவர்கள் ஐந்து பேர். அதில் ஒன்று, பிறந்து பன்னிரண்டு நாளான பெண் குழந்தை. கழற்றியது நான்தான் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மீதியைத் தாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2. குடிலை வரைந்ததும் நான்தான். பஸ் நிற்கும் இடத்திலிருந்து அந்த ஊர் ஒன்பது கிலோமீட்டர் ஏற்றம். லாரி போகாது, மாட்டுவண்டியும் போகாது. ஆகவே சிமெண்ட் இல்லாமல், மலை மூங்கில், மலை மண், சுண்ணாம்பு இவற்றாலேயே தட்டிகள் செய்தேன். எந்தத் துண்டும் 24 கிலோவுக்கு மேல் இல்லை. ஒரு ஆள் தலைச்சுமையாகத் தூக்கலாம். நான்கு மூலைக்கல் மேல் நான்கு மணி நேரத்தில் பூட்டலாம், நான்கு மணி நேரத்தில் கழற்றலாம் என்று அறிக்கையில் எழுதினேன். மண் சரிந்தால் குடும்பம் வீட்டோடு இடம் மாறட்டும் என்பதற்காக எழுதியது. அலுவலகம் வேறு விதமாகப் படித்துக்கொண்டது.

3. ஜூன் முதல் அக்டோபர் வரை ஐந்து ஊர்களில் ஐந்து குடில்கள் நிறுவப்பட்டதாகத் தங்கள் அறிக்கை சொல்கிறது. ஐந்து போட்டோக்களும் இணைந்துள்ளன. நகரத்தில் உட்கார்ந்து அடுத்த வரைபடம் போட்டுக்கொண்டிருந்த நானும் அதை நம்பினேன். புதன்கிழமை கடைசித் துண்டாகக் கதவு நிலையைப் பெயர்த்தபோது, அதில் மஞ்சள் தடிப்பாக இருந்தது. பேனாக்கத்தியால் சுரண்டினேன். ஒன்றின் மேல் ஒன்றாக ஐந்து பூச்சு, திறப்புவிழாவுக்கு ஒன்றாக. அந்த நேரத்தில் பக்கத்து ஊர் மண்ணாங்கட்டி என்பவர் ஓடிவந்து நிலையைத் தடவிப் பார்த்து, "இது எங்க வூடாச்சேங்க. கரையானுக்கு மருந்து அடிச்சி முடிச்சிட்டாங்களா?" என்று கேட்டார். ஜூலையில் அப்படிச் சொல்லித்தான் அவரிடமிருந்து எடுத்துப் போயிருக்கிறார்கள். அவரையே சுமக்கவும் வைத்திருக்கிறார்கள்.

4. தங்கள் அலுவலகத்தில் யாரும் விசாரிக்காத ஒன்று. நானும் விசாரிக்கவில்லை. புது வீட்டில் அடுப்பு மூட்டி சாமை பொங்கிவிட்டால், பழைய குடிசையை மூன்றாம் நாள் பிரித்து அந்த மரத்தை எரித்துவிடுவது இந்த ஐந்து ஊர்களிலும் வழக்கம். ஒரு குடும்பத்துக்கு இரண்டு கூரை ஆகாதாம். ஐந்து குடும்பங்களும் முறைப்படி எரித்துவிட்டன. ஆக, இத்திட்டத்தால் மலையில் ஏறிய வீடு ஒன்று. இல்லாமல் போன வீடு ஐந்து. திட்டம் வராமலே இருந்திருந்தால் இன்று 27 பேர் கூரைக்குக் கீழே இருப்பார்கள்.

5. கருப்பனும் ஊராரும் துண்டுகளைச் சுமந்து இறக்கி, மறுநாள் செங்கம் ரோடு அலுவலகக் கிடங்கில் சேர்த்தார்கள். அங்கே கண்காணிப்பாளர் திரு. கண்ணாயிரம், தீபப் பொருட்காட்சியில் பத்து நாளும் குடிலுக்குள் குடும்பத்தோடு உட்காரும்படி கருப்பனிடம் சொன்னார். சனங்க பார்க்கணுமாம். கருப்பன் கேட்டது ஒன்றுதான்: "ராவுல உள்ளவே படுத்துக்கலாங்களா?" அதற்கு அவர், "அதெல்லாம் பூட்டிடுவோம். பொகை நாத்தம் ஏறிடும். வெளிய படு, மலை சுத்த வர்றவங்கல்லாம் படுக்கல?" என்றார். நான் குறுக்கே பேசியபோது, "நாலு மணி நேரத்துல கழட்டலாம்னு எழுதினது நீதானே தம்பி, பெருமைப்பட்டுக்கோ" என்று சிரித்தார். அறையில் இருந்த மற்றவர்களும் சிரித்தார்கள். தங்கள் அறைக் கதவு திறந்துதான் இருந்தது ஐயா.

6. கருப்பனின் மனைவி திரௌபதி இப்போது ஆட்டுப்பட்டியில் குழந்தையோடு இருக்கிறார். மேலே ஓலை, பக்கவாட்டில் ஒன்றுமில்லை. நேற்றுப் போய்ப் பார்த்தேன். பதினாறு நாள் குழந்தை இருமுகிறது. இருமும்போது சத்தம் வரவில்லை, வயிறு மட்டும் உள்ளே போகிறது. நர்சம்மா பார்த்துவிட்டு, நெஞ்சில் சளி, இனி ஒரு நாள்கூட நனையக்கூடாது என்றார். மழைக்காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

7. எனவே, பொருட்காட்சி ஆணையை ரத்து செய்து குடிலை உடனே மேல்பலாவூருக்கு அனுப்பவும், மற்ற நான்கு குடும்பங்களும் தாங்களே தட்டி செய்துகொள்ள மூங்கில் வெட்ட அனுமதி வாங்கித் தரவும் கேட்டுக்கொள்கிறேன். மூங்கில் கொடுத்தால் ஒன்பது நாளில் நான்கையும் முடித்துத் தருவேன். இதற்குக் கமிட்டி தேவையில்லை.

26ஆம் தேதி மாலைக்குள் பதில் வராவிட்டால் நான் செய்யப்போவது:

(1) 27-10-1983 வியாழன் காலை 6 மணிக்கு, ஐந்து ஊர்களிலிருந்தும் இருபத்திரண்டு பேரோடு கிடங்கு வாசலில் நிற்பேன். ஆளுக்கு ஒரு துண்டு. கதவு நிலையை எடுப்பவர் மண்ணாங்கட்டி. தனக்கென்று வந்த வீட்டை, கைக்குழந்தை இருக்கிற இடத்துக்கே போகட்டும் என்று விட்டுக்கொடுத்திருக்கிறார்.

(2) கிடங்கைத் திறக்காவிட்டால் வாசலிலேயே இருப்போம். அதுவரை பொருட்காட்சியில் குடிலைப் பூட்டவும் முடியாது. துண்டுகளைப் பிணைக்கும் போல்ட் நட்டுகள் 88ம் என்னிடம் உள்ளன. கொல்லுப்பட்டறையில் என் அளவுக்கு அடித்தவை, கடையில் கிடைக்காது. திருட்டு என்று எழுதிக்கொள்ளலாம், மறுக்க மாட்டேன்.

(3) மேல்பலாவூரில் அதே மூலைக்கல் மேல் குடிலைப் பூட்டி, திரௌபதியையும் குழந்தையையும் உள்ளே விடுவேன்.

(4) பூட்டியபின் 88 போல்டின் மரையையும் சுத்தியலால் அடித்து மழுக்குவேன். அதற்குப் பிறகு அதைக் கழற்ற முடியாது, உடைக்கத்தான் முடியும். உடைப்பதாக இருந்தால் தாங்களே ஏறி வாருங்கள் ஐயா. ஆணையைக் கொடுத்து என்னைப் போல ஒருவனை அனுப்பாதீர்கள்.

இடம்: திருவண்ணாமலை
நாள்: 24-10-1983

இன்றுவரை தங்கள் ஊழியன்,
(ஒப்பம்) த. ஸ்ரீபால்