இரண்டாவது விசில்

குட்டிம்மா,

நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. படகைப் பற்றியே எழுதுகிறேன்.

அக்கரைக்கு ஆள் ஏற்றிய நம் நீராவிப் படகைப் பார்த்தால் உனக்கு அடையாளமே தெரியாது. கடற்படைக்காரர்கள் பெஞ்சுகளைப் பிடுங்கிவிட்டு, வெள்ளை உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம் அடித்தார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் ஒதுங்கி உட்காரும் மூலையில் பீரங்கி. "மாமா, இவருக்கு டிக்கெட் கிழிச்சீங்களா?" என்று உன் தம்பி அதைத் தட்டி என்னிடம் கேட்டதில், விறைப்பாக நின்ற அதிகாரியே சிரித்துவிட்டார்.

கடலில் மிதக்கும் வெடிகளைத் தேடி அகற்றுவதுதான் எங்கள் வேலை. நான் மேலே சுக்கானில், தம்பி கீழே கொதிகலனில். ஒரு வெடி எங்களுக்கு முந்திக்கொண்டது. மேல்தளத்தில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை. அடிப்பக்கத்தில்தான் ஓட்டை. அதை அடைத்துவிட்டார்கள். படகு பிழைத்துக்கொண்டது.

சண்டை முடிந்து, இப்போது மறுபடி பெஞ்சு போடுகிறார்கள். அடுத்த வாரம் ஊருக்குக் கொண்டுவருகிறேன். தம்பியின் பெட்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை அவனைப் பெற்ற அத்தைக்குப் படித்துக் காட்டாதே.

முன்பெல்லாம் துறைக்குத் திரும்பும்போது நான் ஒரு விசில் கொடுப்பேன். அவன் கரிக்கையோடு மேலே ஓடிவந்து இன்னொன்று கொடுப்பான். ரெண்டும் கேட்ட பிறகுதானே அத்தை உலை வைப்பார்? "அவனுக்கும் சேர்த்து நீங்களே ஊதிடுங்க" என்கிறார்கள் இங்கே. எனக்கு மனசு வரவில்லை.

ஒன்றுதான் ஊதுவேன். கேட்டதும் அத்தையைப் பிடித்துக்கொள்.

உன் வீட்டுக்காரன்