ஆறாவது பாடு

கோட்டைக்குப்பம்,
பிப்ரவரி 5

அன்புள்ள காந்தாவுக்கு,

ராய்ப்பூரில் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எட்டு வருடத்துக்கு முன் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள், “டெஸ்ட் எடுக்கப் போறவங்க கூட யாரு மிஸ் போவாங்க?” என்று. எய்ட்ஸ் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கிருமி எப்படிப் பரவும், என்ன பரிசோதனை, எத்தனை நாள் கழித்து என்பதெல்லாம் கரும்பலகையில் இருந்தது. பாடத்தில் இருப்பதை மட்டும் கேள் என்று சொல்லி அவளை உட்கார வைத்தேன். அன்று எனக்குப் பதில் தெரியாது. இன்றும் தெரியவில்லை.

பொங்கலன்று நீ போனில் அழைத்தபோது என் குரல் ஒரு மாதிரி இருப்பதாகச் சொன்னாய். சளி என்றேன். மாடிப்படிக்கு அடியில் கீழ்வீட்டு இருசம்மாள் மீன் அலசிக்கொண்டிருந்தாள். இங்கே போனில் பேசுவது தெருவில் நின்று பேசுவதைப் போலத்தான். அதனால்தான் இத்தனை வருடம் கழித்துத் தபாலில் எழுதுகிறேன்.

பள்ளியில் செய்முறைத் தேர்வு தொடங்கப்போகிறது. கரப்பான் பூச்சிக்கு இந்த வருடமும் பஞ்சமில்லை. முகத்துவாரம் மறுபடி மண் மூடிக் கிடக்கிறது, இறால் குறைவு என்று எல்லோரும் புலம்புகிறார்கள். என் முழங்கால் பரவாயில்லை.

வேணு என்று ஒருவர். ஆரம்பாக்கத்துக்காரர், நண்டு வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்புகிறவர். சின்ன வண்டியில் ஏரியைச் சுற்றிப் படகு கரை சேரும் எல்லா ரேவுக்கும் போவார். இரண்டு வருடமாகப் பழக்கம். அவருடைய ஏற்றுமதிப் படிவங்களை நான்தான் ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுப்பேன். அதிகம் பேசாதவர். அக்டோபர் பதினெட்டாம் தேதி நல்ல மழை, பள்ளிக்கு விடுமுறை. படிவத்தோடு வந்தார். படிவத்தை நிரப்பி முடித்த பிறகும் போகவில்லை, நானும் போகச் சொல்லவில்லை. கீழே வண்டியில் கொடுக்கு கட்டிய நண்டுகள் கூடையைப் பிறாண்டும் சத்தம் மாடிவரை கேட்டுக்கொண்டிருந்தது. வேறு எதையும் எழுதப்போவதில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பாதுகாப்பு எதுவும் இல்லை. அதைக் கேட்டு வாங்கக்கூடிய இடத்தில் நான்தான் இருந்தேன். வருடா வருடம் அறுபது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாய் அன்று திறக்கவில்லை. விவாகரத்தாகிப் பதினாறு வருடம் ஆகிறது, காந்தா. ஒருவர் என் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிடும்போது பாடத்தை நினைக்க முடியவில்லை.

அதன் பிறகு அவர் வரவில்லை. அதில் எனக்கு வருத்தமா என்று கேட்காதே.

பதினோராம் நாள் இருசம்மாள் தானாகப் பேச்சை எடுத்தாள். “இன்னா டீச்சர், நண்டுக்காரன் இந்தப் பக்கமே காணோம்? அவனுக்கு இன்னா, ரேவுக்கு ஒரு வூடு வச்சினுகீறான்னு சொல்றாங்கோ. நண்டுக்கே பத்து காலுதான், இவனுக்கு எத்தினி காலுனு தெரியல” என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஊர்ப்பேச்சுக்கு ஆதாரம் கேட்கிறவள் நான், அது உனக்குத் தெரியும். இதற்கும் ஆதாரம் இல்லை. ஆனால் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இரண்டு படிவத்தில் அடங்கிவிடும் என்பது மாடி ஏறும்போது உறைத்தது. மூன்று நாளுக்குள் மாத்திரை தொடங்கினால் தடுக்கலாம் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான். அந்த மூன்று நாள் எப்போதோ போயிருந்தது.

இனி அக்டோபர் பதினெட்டிலிருந்து தொண்ணூறு நாள் காத்திருந்து பரிசோதித்தால் சந்தேகத்துக்கு இடமிருக்காது. அந்தத் தொண்ணூறு நாளை எண்ணுவதில்தான் ஒரு காரியம் செய்தேன். இங்கே ஏரியில் நல்ல இடங்களைக் குடும்பங்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு குடும்பத்தின் முறை வரும் நாளைப் பாடு என்பார்கள். இருசம்மாளின் கணவர் நீலமேகத்துக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு பாடு. அக்டோபர் பதினெட்டு அவர்கள் பாடு. அவர் ஏரியில், அவள் மீன் கூடையோடு சந்தையில், கீழ்வீடு பூட்டிக் கிடந்தது. அதனால்தான் அந்தப் பகலில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். சுவரில் மாட்டிய காலண்டரில் குறி போட்டால் யாராவது கேட்பார்கள். அதனால் பாடுகளை எண்ணினேன். அதற்குப் பிறகு ஆறாவது பாடு வந்தால் தொண்ணூறு நாள், அன்று போவது என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் பாடு காலண்டர் மாதிரி நடப்பதில்லை. புயல் எச்சரிக்கை வந்தால் நிற்கும். ஊரில் ஒரு சாவு என்றால் யாரும் வலை போடமாட்டார்கள். பக்கத்துக் குப்பத்தோடு தகராறு வந்து பேசி முடிக்கும்வரை ஏரி காலியாகக் கிடக்கும். முறை மட்டும் யாருக்கும் போகாது, அப்படியே தள்ளிவைத்துத் தொடர்வார்கள். இந்த மழைக்காலத்தில் இந்த மூன்றும் நடந்தன. ஒவ்வொரு முறையும் நீலமேகம் திட்டிக்கொண்டே வலையை மடித்தார். “பாடு தள்ளிப்போச்சு டீச்சர், இந்த மாசம் கஞ்சிதான்” என்றாள் இருசம்மாள். அவர்கள் வயிற்றில் அடித்த ஒவ்வொரு நாளும் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதவே கை கூசுகிறது.

இன்று காலை கரும்பலகையில் தேதி எழுதினேன். பிப்ரவரி ஐந்து. சாக்பீஸைக் கீழே வைக்காமல் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். நூற்றுப்பத்து நாள். தொண்ணூறு முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கூட்டத் தெரியாமல் அல்ல, கூட்டாமல் இருந்தேன்.

ஆறாவது பாடு நாளைக்கு.

ஒரு முறை நடந்ததில் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று படித்திருக்கிறேன். இந்த மூன்று மாதமாக அந்த எண்ணைத்தான் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். வேறு யாராவது இப்படிச் சொல்லிக்கொண்டு பரிசோதனையைத் தள்ளிப்போட்டால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். உதட்டில் சின்னப் புண் வந்தாலும் கண்ணாடி முன் நிற்கிறேன். தொற்று இருந்தாலும் மாத்திரை இருக்கிறது, பல வருடம் நன்றாக வாழலாம், இதையும் நான்தான் நடத்துகிறேன். நோயைவிட எனக்குப் பயமாக இருப்பது அந்த அறையில் போய் உட்காருவது.

ஏன் என்றால், பொன்னேரி ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருப்பது ஐஸ்வர்யா. அன்று வகுப்பில் அந்தக் கேள்வியைக் கேட்டவள். சென்னைக்குப் போய்த் தனியார் லேபில் யாருக்கும் தெரியாமல் கொடுக்கலாம்தான். இரண்டு தடவை கிளம்பினேன். ஒரு தடவை மீஞ்சூரில் இறங்கித் திரும்பிவிட்டேன், இன்னொரு தடவை பஸ்ஸே ஏறவில்லை. தெரியாத இடத்துக்குப் போகும் தைரியமும் எனக்கு இல்லை என்று அப்போது தெரிந்தது.

இதைப் படித்து நீ என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்று யோசித்துக்கொண்டேதான் எழுதுகிறேன். நாம் சேர்ந்து படித்த நாளில் விடுதியில் எல்லோருக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருந்த இந்திராணிதான் இது. திட்டி எழுது, பரவாயில்லை. ஒரு வரியாவது எழுது. போனேனா இல்லையா என்பதை நாளை இதன் அடியிலேயே எழுதிவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன். போகவில்லை என்றாலும் அனுப்புவேன்.

நீயும் உன் வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
இந்திராணி

பிப்ரவரி 6, மாலை

ஆறே முக்கால் பஸ்ஸில் போனேன். அதே பஸ்ஸில் இருசம்மாள் கூடையோடு ஏறினாள். பாடு நாள் என்பதை எண்ணிக்கொண்டே இருந்தவளுக்கு அவளும் இதே பஸ்ஸில்தான் வருவாள் என்பது மட்டும் தோன்றவில்லை. “இன்னா டீச்சர், ஸ்கூலு இல்லியா?” என்றாள். பல் வலி, டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்றேன். “மூஞ்சி வீங்கவே இல்லியே” என்று என் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள். பொன்னேரிவரை அவள் தோளில் இடித்தபடி உட்கார்ந்து போனேன்.

ஐஸ்வர்யா என்னைப் பார்த்ததும் வகுப்பில் எழுந்து நிற்பது போல நின்றாள். ஏதாவது பள்ளிக் கூட்டத்துக்குப் பேச அழைக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள். எனக்குத்தான் என்றேன். அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். “இங்க பேரு சொல்லிக் கூப்பிட மாட்டோம் மிஸ், நம்பர்தான். நான் கேக்கறது கஷ்டமா இருந்தா வேற ஸ்டாஃப்ப வரச் சொல்லட்டுமா?” என்று கேட்டாள். நீயே கேள் என்றேன். எல்லாரிடமும் கேட்பதைக் கேட்டாள். தேதி சொன்னேன். தலை நிமிராமல் எழுதிக்கொண்டாள். கடைசியில், “கூட யாரு மிஸ் வந்திருக்காங்க?” என்றாள். யாரும் இல்லை என்றேன். பழைய கேள்வி அவளுக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை.

ரத்தம் எடுத்தார்கள். ஒரு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு கர்ப்பிணிப் பெண்ணும் அவள் மாமியாரும் முறுக்கைப் பங்கிட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். பிறகு என் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

தொற்று இல்லை. ஐஸ்வர்யா சீட்டை என் பக்கம் திருப்பி வைத்து, “நாளு தாண்டியாச்சு மிஸ், இது முடிவான ரிசல்ட்டு. அவரையும் வந்து பாத்துக்கச் சொல்லுங்க” என்றாள். சரி என்றேன். அவர் எண் என்னிடம் இருக்கிறது. இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும்.

அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “யார்கிட்டயாவது சொல்லணும்னா இங்கருந்தே போன் பண்ணுங்க மிஸ், நான் வெளிய நிக்கிறேன்” என்று சொல்லிவிட்டுப் போய் நின்றாள். போனை எடுத்தேன். மணி பதினொன்று, நீ வகுப்பு நடத்திக்கொண்டிருப்பாய். வேறு பெயர் தேடினேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பைக்குள் வைத்தேன். கதவைத் திறந்ததும், “சொல்லிட்டீங்களா மிஸ்?” என்று கேட்டாள்.

சொல்லிவிட்டேன் என்றேன்.

இப்போதுதான் சொல்கிறேன், காந்தா.