ஒரு எழுத்தும் தொலையவில்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

நெப்ராஸ்காவில் பனி கொட்டுகிறதாமே. முட்டி வலியோடு நீங்களே வாசல் பனியை அள்ளாதீர்கள். நான் நலம். பாலைவனம் பழகிவிட்டது.

அந்த வியாழக்கிழமை இங்கே ஒரு வேடிக்கை. எதிரி அலைவரிசையை முடக்கினாலும் எங்கள் செயற்கைக்கோள் கருவி தாங்குமா என்று பார்க்க, எங்கள் ஆட்களே எல்லாவற்றையும் முடக்கினார்கள். என் கருவி மட்டும் அலைவரிசை மாறி மாறித் தப்பியது. அதில் வந்த முதல் செய்தி ஜெனரலுடையது: "மத்தியானம் வாட்டின மாட்டுக்கறி உண்டா?"

"ஒரு எழுத்துகூட விடலியே ஜோலீன், பின்னிட்ட" என்றார் மேஜர் ஹாஸ்கெல்.

அந்த முடக்கலில் வீட்டுக்குப் பேசும் போனும் நாள் முழுதும் செத்துக் கிடந்தது. அம்மா என்னோடு பேசக் கேட்டு, மருத்துவமனையிலிருந்து நீங்கள் விடாமல் என்னைக் கூப்பிட்ட, அம்மாவின் கடைசி நாளும் அதுதான். மேஜரிடம் சொன்னேன். "அது ராணுவ லைன் இல்லையேம்மா" என்றார்.

உதட்டு வெடிப்புக்குக் களிம்பு அனுப்புங்கள். வீட்டுப் போனில், யாரும் எடுக்காதபோது கேட்கும்படி, "நாங்க வெளிய போயிருக்கோம், விஷயத்தைச் சொல்லிட்டு வைங்க" என்று அம்மா பேசிப் பதிந்ததை அழித்துவிடாதீர்கள். லைன் கிடைக்கும்போது கூப்பிடுவேன். மணி அடித்தால் நீங்கள் எடுக்க வேண்டாம்.

தபால் வண்டி கிளம்புகிறது.

உங்கள் ஜோலீன்